மொன்ரெரேக்குப் போன கூறை

என் அண்ணன் வின்சன்ற்றின் மனைவி வேரோனிக்காவை ரொறன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் தெரியாத ஆட்கள் குறைவு. அங்கேயுள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் முன்னால் காலையிலும் பின்னேரமும் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, ஸ்ரொப் பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளை றோட்டுக் கடத்திவிடுகிறவர் அவர்தான். எவ்வளவு பெரிய லொறியாக இருந்தாலும் மச்சாள் பலகையைத் தூக்கினால் நின்றுதான் ஆகவேண்டும். ஒருநாள் ஒருத்தன் பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்துவிட்டான். மச்சாள் அவனுடைய காருக்கு நேரே நடுறோட்டில் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, ஆறுதலாகத் திரும்பக் கட்டிவிட்டுத்தான் விலகினார். எனக்கு அவரில் பிடித்த குணம் அது. அண்ணனுக்கு அதுதான் பிடிக்காது.

இப்பேர்ப்பட்ட மனுசிக்கு ஒரு வியாதி இருந்தது. யூனிபோம் போட்ட யாராவது காரை மறித்தால் போதும், உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார்.

கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. தொண்ணூறுகளில் அங்கிருந்து எங்கே போவதென்றாலும் வழியில் சென்றி, அதாவது ஆமிக்காரரின் சோதனைச்சாவடி. பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கவேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போய், பையை மேசையில் கவிழ்த்து, அவர்கள் கிளறி முடிந்ததும் வாரி அள்ளிக்கொண்டு, அந்தப் பக்கம் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும் பஸ்சுக்கு ஓடவேண்டும். இறங்காமல் இருக்கிறவர்மேல்தான் சந்தேகம் வரும். வருசக்கணக்காக அப்படிப் பழகிய காலுக்கு, நாடு மாறிவிட்டது என்று யார் போய்ச் சொல்வது? அண்ணனுக்கு இதொன்றும் தெரியாது. அவர் எண்பத்தெட்டிலேயே கனடா வந்து சேர்ந்துவிட்டார். பஸ்சில் இருந்து இறங்கியவர்கள் நாங்கள்தான்.

ஒரு நத்தார்க் காலம். பிறம்ரனில் ஒரு ஞானஸ்நானக் கொண்டாட்டத்துக்குப் போய்விட்டு வருகிறோம். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் பொலிஸ் வழியில் நின்று ஒவ்வொரு காராக மறித்தது. அண்ணன் கண்ணாடியை இறக்கினார். பொலிஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் கீழே இறங்கிவிட்டார். பனிக்குள் நின்றுகொண்டு கைப்பையை அகல விரித்துப் பிடிக்கிறார். பொலிஸ்காரர் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனார். "ஏறும்! வேரோனிக்கா, ஏறும்!" என்று கத்திய அண்ணனுக்குப் பின்கதவும் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அது நான். அடையாள அட்டை மாதிரி ஹெல்த் காட்டைத் தூக்கிப் பிடித்தபடி மச்சாளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

வீடு வந்து சேரும்வரை நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் அன்றோடு மச்சாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாட்டு எல்லை, அதுதான் போடர், இருக்கிற திசைக்கே காரில் போவதில்லை. விமான நிலையம் என்றால் பரவாயில்லை, அங்கே எப்படியும் நடந்துதானே போகவேண்டும். ரொறன்ரோச் சனமெல்லாம் நயாகராப் பாலத்தைக் கடந்து அமெரிக்காவுக்குச் சாமான் வாங்கப் போய் வரும். மச்சாள் மட்டும், "அங்கை என்ன கிடக்கு? இஞ்சை இல்லாததே?" என்று வீட்டில் இருந்துவிடுவார்.

இவர்களுக்கு ஒரே மகள் நடாஷா. எஞ்சினியராக வேலை செய்யும் பிள்ளை. கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கொம்பனி அவளை மெக்சிக்கோவில் மொன்ரெரே என்ற ஊருக்கு அனுப்பியது. போன இடத்தில் ராமிரோ என்ற பெடியனைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். நல்ல பெடியன், கத்தோலிக்கக் குடும்பம். அண்ணன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மச்சாளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. நவம்பர் நடுவில் மொன்ரெரேயில் கலியாணம் என்று முடிவாகி, எங்கள் மூன்று பேருக்கும் விமான ரிக்கற்றும் எடுத்தாயிற்று.

செப்ரெம்பர் கடைசியில் மச்சாளின் இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. அவசரமாக ஒப்பரேசன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். அது எல்லோருக்கும் தெரியக் கையில் பச்சைப் பட்டியும் கட்டிவிட்டார்கள். அந்தக் குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, ஏறினால் குமிழி பெருத்துப் பார்வையே போய்விடும் என்றார் டொக்ரர். எப்போது கரையும் என்று கேட்டோம். டிசெம்பர் ஆகும் என்றார்.

நடாஷா போனில் நல்லபடியாகத்தான் சொன்னாள். "அம்மா, நீங்க வொறி பண்ணாதேங்கோ. வீ வில் டூ அனதர் ரிசெப்ஷன் இன் ரொறன்ரோ. கலியாணத்தை வீடியோவில லைவ்வா பாக்கலாம்."

மச்சாள் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதார். "பெத்தது ஒண்டு. அதின்ர கலியாணத்தை நான் ரீவீயில பாக்கிறதோ?" என்று என்னைத்தான் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டொக்ரருக்குப் போன் எடுத்தார். காரில் போகலாமா? டொக்ரர் யோசித்துவிட்டு, மலைகளில் ஏறாத பாதை, மொன்ரெரேயும் பெரிய உயரம் இல்லை, இடைக்கிடை இறங்கி நடந்து போவதென்றால் போகலாம் என்றார்.

"அப்ப போடர்?" என்று கேட்டேன். "ரெண்டு கிடக்கு, மச்சாள். அமெரிக்கா ஒண்டு, மெக்சிக்கோ ஒண்டு."

"நான் போவன் அன்ரனெற்," என்றார். "கால் இறங்காமல் இருக்குமோ எண்டதுதான் தெரியேல்லை."

செய்தி பரவியதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. மெக்சிக்கோவில் காரோடு ஆளைக் கடத்துவார்களாம். தலையைத் தனியாக வீட்டுக்கு அனுப்புவார்களாம். நாடகத் தொடர்களில் பார்த்த கதை முழுவதையும் எங்கள் தலையில் கொட்டினார்கள். மெக்சிக்கோ எங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குச் சரியான எரிச்சல் வந்தது. "நாங்கள் எல்லாரும் என்ன சுவிற்சலாந்தில இருந்தே வந்தனாங்கள்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சப் பேர் என்னோடு கதைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

உருப்படியாகக் கதைத்தவர் றெமிஜியஸ் ஒருவர்தான். பிறம்ரனில் இருந்து லொறி ஓடுகிறவர், அமெரிக்காவின் தெற்கு எல்லையில் இருக்கும் லரேடோவரை போய்ச் சாமான் இறக்கிவிட்டு வருவார். அவர் அண்ணனை மேசையில் இருத்திச் சொல்லிக் கொடுத்தார். கனடாக் கார் இன்சூரன்ஸ் மெக்சிக்கோவில் செல்லாது, தனியாக எடுக்கவேண்டும். காரை உள்ளே கொண்டுபோக அனுமதி வாங்கவேண்டும். லரேடோவில் இரவு தங்கி, விடிந்தபிறகுதான் பாலத்தைக் கடக்கவேண்டும். மெக்சிக்கோவுக்குள் பகலில் மட்டும் ஓட்டம், அதுவும் காசு கட்டிப் போகிற பெரிய ஹைவேயில் மட்டும். எண்ணெய் நிறைய இருக்கவேண்டும், வழியில் யார் கை காட்டினாலும் நிற்கக்கூடாது. மாப்பிள்ளை ராமிரோ பாலத்தடிக்கு வந்து, தன் காரில் முன்னால் ஓடட்டும். அண்ணன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நயாகராவுக்கு ஓட்டிப் போவதற்கே முதல்நாள் ரயருக்குக் காற்றுப் பார்க்கிற மனுசன் அவர்.

"அக்கா, கறித்தூள் கொண்டு போகாதேங்கோ," என்றார் றெமிஜியஸ் மச்சாளிடம்.

"தூள் இல்லாமல் நான் எங்கை போனனான்?"

"ஜாம் போத்திலுக்குள்ள மண்ணிறத்தில ஒரு தூள். பேரும் இல்லை, லேபிளும் இல்லை. அதோட மெக்சிக்கோ போடர்ல போய் நிண்டு பாருங்கோ."

மச்சாள் யோசித்துப் பார்த்தார். பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணைப் பொத்திக்கொண்டார், ஒப்பரேசன் செய்த கண் குலுங்கக்கூடாதாம். தூள் போத்தல் அலுமாரிக்குள் திரும்பிப் போனது. பயத்தம் பணியாரத்தை மட்டும் ஒருவராலும் தடுக்க முடியவில்லை.

அடுத்தது ஒத்திகை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அண்ணன் ஸ்ரியறிங்கில், மச்சாள் பக்கத்தில், நான் பின்னால். றெமிஜியஸ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒபிசர் மாதிரி நடந்து வந்து கண்ணாடியில் தட்டுவார். தட்டியதும் மச்சாளின் கை கதவுக்குப் போய்விடும். "அக்கா!" "ஐயோ, தெரியாமல் போயிட்டுது தம்பி, திரும்ப வாரும்." திரும்ப நடந்து வருவார். திரும்பவும் கதவு திறக்கும். முன்வீட்டுச் சீன மனுசி தேத்தண்ணியோடு ஜன்னலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீர் பின்னுக்கு இரும். உள்ளுக்கிருந்து திறக்கேலாமல் சைல்ட் லொக் போட்டுவிடுறன்," என்றார்.

மச்சாள் இறங்கி உள்ளே போனார். அன்று பின்னேரம் அண்ணனுக்குப் பாணும் பட்டரும்தான் சாப்பாடு. அதற்குப் பிறகு அந்த லொக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை உண்மையான போடரில் பரீட்சை வைத்தோம். நயாகராப் பக்கம் பாலத்தைக் கடந்து அமெரிக்காவுக்குள் போய்த் திரும்பி வருவது. மச்சாள் தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டார். கை இருந்தால்தானே கதவைத் திறக்கும். அண்ணன் பாஸ்போட்டுகளைக் கொடுத்தார். ஒபிசர் பார்த்தார், குனிந்தார், மச்சாளையே பார்த்தார். கைகளை மறைத்துக்கொண்டு, வியர்த்து ஒழுக, நேரே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பொம்பிளை. "மாம், கைகளைக் காட்டுங்கோ," என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் மாறியிருந்தது.

மச்சாள் மெதுவாகக் கைகளை வெளியே எடுத்தார். இரண்டு கையையும் சேர்த்துச் செபமாலை சுற்றிக் கிடந்தது. எதற்காகப் பிரார்த்தனை செய்கிறீர்கள் என்று கேட்டார் ஒபிசர். "காரை விட்டு இறங்காமல் இருக்க," என்று மச்சாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடியே சொன்னார். அந்த மனுசனுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். சாவடியைக் கடந்ததும் அண்ணன் காரை ஓரம் கட்டினார். மச்சாள் கைகொட்டிச் சிரித்தார்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது றெமிஜியஸ் அண்ணனையும் என்னையும் வாசலுக்குக் கூப்பிட்டார். "அண்ணை, ஒண்டு சொல்ல மறந்திட்டன். மெக்சிக்கோ ஹைவேயில ஆமி நிக்கும். சிலநேரம் மறிச்சு எல்லாரையும் இறக்கித்தான் பாப்பாங்கள். பயப்பிட ஒண்டுமில்லை, சொல்லுறதைச் செய்தால் சரி."

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "இதை வேரோனிக்காவுக்குச் சொல்லாதை," என்றார் என்னிடம். "சொன்னால் அவ வரமாட்டா. பிள்ளையின்ர கலியாணத்துக்குத் தாய் இல்லாமல் போயிடும்."

"ஒளிச்சுக் கொண்டுபோறதுக்கு அவ என்ன கருவாடே?" என்று நான் சண்டை பிடித்தேன். ஆனாலும் அன்றைக்குச் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

ஆமி மறித்தால் மச்சாள் கலங்கிப்போவார் என்பதற்கு அண்ணனுக்குத் தெரியாத காரணம் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. கலியாணக் கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்கவேண்டும். மெக்சிக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூறை என்றால் என்னவென்று தெரியுமா? அதனால் மச்சாளே கடை கடையாக ஏறி இறங்கி, அரக்குச் சிவப்பில் பொன்னிறக் கரை போட்ட ஒரு பட்டுக் கூறையை நடாஷாவுக்கு எடுத்திருந்தார். அதன் பெட்டியைச் சூட்கேசுக்குள் வைக்க அண்ணன் கேட்டபோது கொடுக்கவில்லை. "அது என்ர மடியிலதான் வரும்," என்றார்.

மச்சாளின் சொந்தக் கூறையும் அப்படித்தான் மடியில் வந்தது. எங்கள் அம்மா எடுத்த கூறை அது. கனடாவில் அண்ணனைக் கட்டுவதற்காக மச்சாள் கொழும்புக்குப் புறப்பட்டபோது நான்தான் துணைக்குப் போனேன். வழியில் ஒரு சென்றியில் பெட்டியைத் தட்டிக் கவிழ்த்தார்கள். கூறை மணலில் விழுந்து விரிந்தது. அதை மிதித்துக்கொண்டு ஒருவன் அடுத்த பையைக் கிளறினான். பஸ் ஹோர்ன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினோம். முந்தானையில் பதிந்த சப்பாத்து அடையாளம் கழுவியும் போகவில்லை. ரொறன்ரோவில் கலியாணத்தன்று அந்தப் பக்கத்தை உள்ளுக்கு மடித்துக் கட்டினார் மச்சாள். அப்போது அவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சின்ன அப்பார்ட்மென்றில் இருந்தார்கள். முதல் வேலையாகக் கூறையை அலுமாரியின் அடியில் போட்டார். பிறகு ஒருநாளும் அதை வெளியே எடுத்ததில்லை. ஏன் என்று அண்ணனுக்கு அதுவரை தெரியாது.

புறப்பட்டோம். வின்சர் போடரில் மச்சாள் கை இரண்டையும் எல்லோருக்கும் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி இருந்தார். ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். பிறகு நாட்கணக்கில் றோட்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்போம், அண்ணன் ரயரைப் பார்ப்பார், மச்சாள் பணியாரம் கொடுப்பார். தன் கண்ணுக்குள் குமிழி ஆடுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரெக்சாஸ் வந்தபோது எங்களுக்குப் பணியாரத்தைக் கண்டாலே அலுத்துவிட்டது.

லரேடோவில் தங்கிய ஹொட்டலில் காலைச் சாப்பாடு. அண்ணன் காருக்கு எண்ணெய் அடிக்கப் போயிருந்தார். இனியும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மச்சாள், இண்டைக்கு வழியில ஆமி நிக்குமாம். இறக்கிப் பாப்பாங்களாம்."

அவர் கோப்பியை ஆற்றினார். "தெரியும். நடாஷாவைக் கேட்டனான், எல்லாம் சொன்னவள். உங்கட அண்ணைக்குச் சொல்லாதையும், பாவம், பயந்துபோவார்."

எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "அப்ப பயமில்லையோ?"

"இறங்கிறது எனக்குப் பழக்கம் அன்ரனெற். அதில பயமில்லை," என்றார். பெட்டியின் மூடியைத் தடவினார். "இதைத் தொட்டால்தான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது."

பாலத்தைக் கடப்பது சுலபமாக முடிந்தது. மறுபக்கத்தில் ராமிரோ காத்திருந்து, மச்சாளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அனுமதிக் கடதாசிகளை அவனே ஓடித்திரிந்து எடுத்துத் தந்தான். பிறகு அவன் முன்னால், நாங்கள் பின்னால். நல்ல வெயில், அகலமான றோட்டு, இரண்டு பக்கமும் முட்பற்றை. அண்ணன் விசிலடிக்கக்கூடத் தொடங்கினார்.

அப்போதுதான் மணல் மூட்டை தெரிந்தது. மணல் மூட்டை, வலை, பச்சை யூனிபோம், துவக்கு. ராமிரோவின் காரைப் போகச் சொல்லிக் கையசைத்தார்கள். ஒன்ராறியோ நம்பர் பிளேற்றைக் கண்டதும் எங்களை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஓர் இளம் சிப்பாய் வந்து எல்லோரும் இறங்கும்படி கையால் காட்டினான்.

நான் ஏற்கெனவே இறங்கி நின்றேன். எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. மச்சாள் மட்டும் அசையாமல், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

"வேரோனிக்கா, இறங்கும்," என்றார் அண்ணன். ஒரு மாதமாக இறங்காதையும் என்று கெஞ்சிய மனுசன், இப்போது இறங்கச் சொல்லிக் கெஞ்சினார். "கடவுளேயெண்டு இறங்குமப்பா."

மச்சாள் இறங்கினார். சூட்கேசுகளைத் தானே தூக்கி மேசையில் வைத்தார், ஒவ்வொன்றாகத் திறந்தார். சிப்பாய் மேலோட்டமாகப் பார்த்தான். கடைசியாகப் பெட்டியைக் காட்டிக் கையை நீட்டினான். மச்சாள் கொடுக்கவில்லை. அவன் ஏதோ சொன்னான். மச்சாள் தலையை ஆட்டினார், இல்லை. அவன் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தான், மச்சாள் மற்ற மூலையை விடவில்லை. மற்றச் சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் கிட்ட வரத் தொடங்கினான். இந்த மனுசி கலியாணத்துக்குப் போய்ச் சேரப் போவதில்லை, இந்த வெயிலுக்குள் எங்களை எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மூடி கழன்றது. பட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்தச் சிப்பாய்ப் பெடியன் பெட்டியை விட்டுவிட்டுக் கூறையைப் பிடித்தான். இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். துவக்கு தோளில் இருந்து சறுக்கி முழங்காலில் அடித்தது, முகத்தைச் சுளித்தானே தவிர கையை இறக்கவில்லை. கூறையின் ஒரு நூல்கூட மண்ணில் படவில்லை. அரக்குச் சிவப்பு அவனுடைய தலையையும் தொப்பியையும் மூடிக் கிடந்தது.

மச்சாள் அவனையே பார்த்தார். பிறகு போனை எடுத்து நடாஷாவும் ராமிரோவும் நிற்கிற படத்தைக் காட்டினார். அவன் பட்டை விலக்கிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் காரை விட்டுவிட்டு ராமிரோ மூச்சிரைக்க ஓடி வந்தான். பெடியன் படத்தைப் பார்த்தான், ராமிரோவைப் பார்த்தான், பெரிதாகச் சிரித்தான். கிட்ட வந்த மற்றச் சிப்பாயும் சிரித்தான். கலியாண வாழ்த்துச் சொல்கிறார்கள் என்றான் ராமிரோ.

பெடியன் கூறையைத் துவாய் மாதிரி உருட்டிப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தான். மச்சாளுக்கு அது பொறுக்கவில்லை. "உப்பிடி இல்லைத் தம்பி, இஞ்சை தாரும்," என்று தமிழிலேயே சொல்லி, அவனுடைய இரண்டு கையிலும் இரண்டு மூலைகளைக் கொடுத்தார். தான் மற்ற மூலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போனார். கூறை முழு நீளத்துக்கும் விரிந்தது. பிறகு அவன் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, அவர் கண்ணால் காட்டக் காட்ட முன்னே வந்தான், மடித்தான், பின்னே போனான், திரும்ப வந்தான். ஓரமும் ஓரமும் அவனுக்குப் பொருந்தவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். சிப்பாய் திரும்பி ஒரு முறை முறைத்தான், அவ்வளவுதான், சத்தம் அடங்கியது. கோணலும் மாணலுமாக மடித்து முடிந்ததும் அவன் தானே அதைப் பெட்டியில் வைத்து, மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் மச்சாளிடம் கொடுத்தான். எங்கள் சூட்கேசுகளையும் மூடிக் காரில் ஏற்றிவிட்டான்.

கார் புறப்பட்டதும் மச்சாள் அழுதார். சந்தோச அழுகைதான், சத்தமாகவே அழுதார். அண்ணன் ஒன்றும் விளங்காமல், "எல்லாம் நல்லபடி முடிஞ்சுதுதானே, ஏனப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். மச்சாள் அப்போதுதான் மணலில் விழுந்த அந்தக் கூறையின் கதையை அவருக்குச் சொன்னார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்துக்குப் பிறகு, மெக்சிக்கோ ஹைவேயில். அண்ணன் ஒரு கையை ஸ்ரியறிங்கில் இருந்து எடுத்து அவருடைய கையைப் பிடித்தார். மொன்ரெரே மலைகள் தெரியும்வரை விடவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு சேலையை மடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அன்றைக்கு அந்தச் சென்றியில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், இதைச் செய்திருக்கலாமே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கலியாணத்தன்று காலையில் நடாஷா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "அம்மா, திஸ் இஸ் ஓல் கிரீஸ்ட்! ஆர் மடிச்சது உதை? அயன் பண்ணவேணும்."

"அயன் பண்ணத் தேவையில்லை," என்றார் மச்சாள். "அப்பிடியே கட்டு."

ஏன் என்று அவள் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று அவளைத் திருப்பி நிறுத்தி, கொய்யகம் வைத்துக் கட்டிவிட்டார். கலியாணம் நடந்த கோயில் நிறைய ராமிரோவின் ஆட்கள். எல்லோரும் கூறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக்கு நாங்கள் மூன்று பேர்தான், ஆனால் மச்சாள் போட்ட சத்தத்துக்கு முந்நூறு பேர் மாதிரி இருந்தது.

படங்கள் வந்தன. நடாஷாவின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, பொன்னிறக் கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கோணலாக ஒரு மடிப்புக் கோடு எல்லாப் படத்திலும் ஓடுகிறது. படம் பிடித்தவர் அதைக் கண்டுவிட்டு, கொம்பியூட்டரில் அழித்துத் துப்புரவாக்கித் தரட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மனுசனோடு மச்சாள் சண்டைக்குப் போய்விட்டார்.